அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஜிபிஏ: புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகள். நம் ஊரில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருப்பதைப் போன்று, எல்லாப் பள்ளி மாணவர்களும் ஒரே வினாத்தாளை எழுதி, முகம் தெரியாத ஓர் ஆசிரியர் திருத்தி, அந்த மதிப்பெண்ணை வைத்தே கல்லூரி இடம் முடிவாகும் பொதுத்தேர்வு இங்கே கிடையாது. பாடம் நடத்தும் ஆசிரியரே தேர்வு வைக்கிறார், அவரே திருத்துகிறார், அவரே கிரேடும் போடுகிறார். நான்கு ஆண்டுகளில் சேரும் அந்த கிரேடுகளின் சராசரிதான் ஜிபிஏ. ஒன்பதாம் வகுப்பின் முதல் செமஸ்டரில் வாங்கிய கிரேடும் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பட்டியலில் கடைசி வரை நிற்கும்.

புதிதாக வந்த பெற்றோர் இந்த எண்ணைப் பார்த்து இரு விதமாகத் தடுமாறுகிறார்கள். 85 வாங்கிய பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று நிம்மதியடைபவர்கள் ஒரு வகை. 4.2 என்ற ஜிபிஏயைப் பார்த்து, நான்குக்கு மேலேயே வாங்கிவிட்டானே என்று பூரிப்பவர்கள் இன்னொரு வகை. எந்தப் பள்ளி, எந்தச் சூத்திரம், அந்தப் பள்ளியில் மற்ற மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பவை தெரியாமல் இந்த எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது. அவற்றைத் தெரிந்துகொள்ளும் வழிமுறையைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: பள்ளி மாவட்டத்தின் அளவுகோலைத் தேடி எடுங்கள்

கிரேடு எழுத்துகளும் அவற்றுக்கான புள்ளிகளும் பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றுதான்: ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2, டி என்றால் 1, எஃப் என்றால் பூஜ்யம். பிளஸ், மைனஸ் கணக்கில் கொள்ளும் பள்ளிகளில் ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3 என்று போகும். எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்து என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். 90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி என்பது பரவலான வழக்கம். 93-இல் தொடங்கி ஏ கொடுக்கும் மாவட்டங்களும் (இங்கே மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம்) இருக்கின்றன. வட கரோலினா மாநிலம் முழுவதும் 2015 வரை ஏ வாங்க 93 வேண்டியிருந்தது, அதன் பிறகு 90 போதும் என்று ஆனது. அதாவது 91 வாங்கிய அதே மாணவர் முந்தைய ஆண்டில் பி, அடுத்த ஆண்டில் ஏ. படிப்பில் எந்த மாற்றமும் இல்லாமல் மாநிலம் முழுவதிலும் கிரேடுகள் ஏறிய நேரடியான சான்று இது.

நம் பாடத்திட்டங்களில் 85 என்பது மதிப்பான மதிப்பெண். 33 அல்லது 35 எடுத்தால் தேர்ச்சி. இங்கே 85 என்பது பி, 72 என்பது சி, 60-க்குக் கீழே பெரும்பாலும் எஃப். ஆகவே பிள்ளையின் 85-ஐ ஊர்க் கணக்கில் எடைபோட வேண்டாம். மாவட்டத்தின் இணையதளத்தில் 'கிரேடிங் பாலிசி' என்ற ஆவணம் இருக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் அது வேண்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் எதற்கு எவ்வளவு நிறை என்று பாருங்கள்

ஜிபிஏ ஒரு சராசரி என்றால், அதற்குள் போகும் ஒவ்வொரு கிரேடும் இன்னொரு நிறையிட்ட சராசரி. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் சிலபஸ் என்ற பெயரில் ஒரு தாள் கொடுப்பார். பாடத்தலைப்புகளைவிட அதில் முக்கியமானது, தேர்வுக்கு எத்தனை விழுக்காடு, வீட்டுப்பாடத்துக்கு எத்தனை, வகுப்பில் பங்கேற்புக்கு எத்தனை என்ற பிரிவினைதான். பவர்ஸ்கூல், இன்ஃபினிட் கேம்பஸ், கேன்வாஸ், ஸ்கைவார்ட் ஆகிய இணையத் தளங்களில் உங்கள் பள்ளி எதைப் பயன்படுத்தினாலும், பெற்றோருக்கான கணக்கில் இந்தப் பிரிவுகள் தெரியும்.

கணக்குப் பாடத்தில் தேர்வுகளில் சராசரி 78, வீட்டுப்பாடத்தில் முழு 100 வாங்கிய ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். தேர்வுக்கு 80 விழுக்காடு, வீட்டுப்பாடத்துக்கு 20 விழுக்காடு என்று வைக்கும் ஆசிரியரிடம் அவருடைய மொத்தம் 62.4-உடன் 20 சேர்ந்து 82.4 ஆகும், அது பி அல்லது பி மைனஸ். தேர்வுக்கு 40, வீட்டுப்பாடத்துக்கு 60 என்று வைக்கும் பக்கத்து அறை ஆசிரியரிடம் 31.2-உடன் 60 சேர்ந்து 91.2 ஆகும், அது ஏ வரிசை. அறிவு ஒன்றுதான், கிரேடு வேறு.

இத்துடன் இன்னும் சில விதிகளைக் கவனிக்க வேண்டும். ஒப்படைக்காத வேலைக்குப் பூஜ்யம் போடாமல் குறைந்தபட்சம் 50 போடும் விதி பல மாவட்டங்களில் இருக்கிறது. நான்கு வேலைகளில் மூன்றுக்கு 100, ஒன்றுக்குப் பூஜ்யம் என்றால் சராசரி 75. பூஜ்யத்தின் இடத்தில் 50 வந்தால் 87.5. மோசமாக எழுதிய தேர்வை மறுபடி எழுதலாமா, பிழைகளைத் திருத்திக் கொடுத்தால் பாதி மதிப்பெண் திரும்ப வருமா, தாமதமாகக் கொடுத்த வேலைக்கு எவ்வளவு குறைப்பார்கள், 89.5 வந்தால் 90 ஆக்குவார்களா என்பவற்றையும் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கு இவை மனப்பாடமாகத் தெரியும். பெற்றோர் கேட்காததால்தான் சொல்வதில்லை.

இந்த விதிகள் எல்லாம் தவறு என்று நான் கருதவில்லை. ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் எழுதிய தேர்வு ஓர் ஆண்டின் உழைப்பை விழுங்கிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் வந்தவை பல. ஆனால் இவற்றின் கூட்டு விளைவாக, ஏ என்ற எழுத்துக்குப் பின்னால் தேர்வில் 78 வாங்கும் அளவுக்கான புரிதலும் இருக்கலாம், 98 வாங்கும் அளவுக்கான புரிதலும் இருக்கலாம். எனவே பெற்றோர் கணக்கைத் திறக்கும்போது மேலே பெரிதாகத் தெரியும் எழுத்தைப் பார்த்து மூடிவிடாமல், தேர்வு என்ற பிரிவின் சராசரியைத் தனியாகப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஜிபிஏயை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்ஆஃப் போட்ட பெற்றோருக்கு இந்தக் கணக்கு அந்நியமானது அல்ல. கணக்குக்கு முழு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கொண்டுவருகிறோமே, அதுவும் ஒரு நிறையிட்ட கணக்குதான். அங்கே நிறை பாடத்தைப் பொறுத்தது. இங்கே நிறை அந்தப் பாடத்தை எந்த மட்டத்தில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரே பாடம் சாதாரண மட்டம், அதற்கு மேல் ஆனர்ஸ், அதற்கும் மேல் கல்லூரி மட்டத்திலான ஏபி அல்லது ஐபி என்று அடுக்குகளாகக் கிடைக்கும். எல்லா மட்டத்துக்கும் ஏ என்றால் 4 என்று கணக்கிடுவது அன்வெயிட்டட் ஜிபிஏ. அதன் உச்சம் பொதுவாக 4.0. மேல் மட்டங்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்துக் கணக்கிடுவது வெயிட்டட் ஜிபிஏ. ஆனர்ஸுக்கு அரைப் புள்ளி, ஏபிக்கு ஒரு புள்ளி என்பது பரவலான முறை. இரண்டுக்குமே ஒரு புள்ளி கொடுக்கும் பள்ளிகளும், கூடுதலே கொடுக்காத பள்ளிகளும், டெக்சாஸில் 6.0 வரை போகும் அளவுகோல் வைத்திருக்கும் மாவட்டங்களும் இருக்கின்றன.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் பட்டியலை வைத்துப் பார்ப்போம். ஆனர்ஸ் ஆங்கிலத்தில் ஏ, ஏபி உலக வரலாற்றில் பி, ஆனர்ஸ் வேதியியலில் பி, ஆனர்ஸ் அல்ஜீப்ரா இரண்டில் ஏ, சாதாரண மட்ட ஸ்பானிஷில் ஏ, உடற்கல்வியில் ஏ. அன்வெயிட்டட் முறையில் 4, 3, 3, 4, 4, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 22. ஆறால் வகுத்தால் 3.67. ஆனர்ஸுக்கு அரை, ஏபிக்கு ஒன்று கூட்டும் பள்ளியில் மொத்தம் 24.5, சராசரி 4.08. இரண்டுக்கும் ஒரு புள்ளி கொடுக்கும் பள்ளியில் மொத்தம் 26, சராசரி 4.33. கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் முறையில் கணக்கிடும்போது உடற்கல்வியை எடுத்துவிடும். பள்ளியின் ஆனர்ஸ் பாடங்களை அது தன் பட்டியலில் ஏற்காத நிலையில் ஏபி வரலாற்றுக்கு மட்டும் ஒரு புள்ளி சேர்த்து, ஐந்து பாடங்களுக்கு 19 என்று கணக்கிட்டு, 3.80 என்று சொல்லும்.

ஒரே மாணவி, ஒரே உழைப்பு, ஒரே கிரேடுகள், 3.67, 3.80, 4.08, 4.33 என்று நான்கு எண்கள். தமிழ்ச் சங்க விழாவில் இன்னொரு பெற்றோர் தன் மகனின் ஜிபிஏயைச் சொன்னால், எந்த அளவுகோலில் என்று கேட்காமல் உங்கள் வீட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கிரெடிட் என்பதும் இந்தக் கணக்குக்குள் வரும். ஓர் ஆண்டு முழுவதும் படிக்கும் பாடத்துக்குப் பல மாநிலங்களில் ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடத்துக்கு அரை கிரெடிட். கலிபோர்னியாவில் அதையே செமஸ்டருக்கு ஐந்து என்று எண்ணுகிறார்கள். முழு ஆண்டுப் பாடத்தில் ஏயும் அரையாண்டுப் பாடத்தில் சியும் வாங்கினால் சராசரி 3.0 அல்ல. நான்கை ஒன்றாலும் இரண்டை அரையாலும் பெருக்கிக் கூட்டி, ஒன்றரையால் வகுக்க 3.33 வரும். நடுநிலைப் பள்ளியிலேயே அல்ஜீப்ரா ஒன்றை முடித்த பிள்ளைக்கு அந்த கிரேடு உயர்நிலைப் பள்ளி ஜிபிஏயில் சேருமா, சேராதா என்பதும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதால், எட்டாம் வகுப்பில் சேர்ப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் படி: மதிப்பெண் வீக்கத்தின் அளவை உணருங்கள்

மாணவர்களின் கற்றல் அதே அளவில் நிற்க, அல்லது குறைய, கிரேடுகள் மட்டும் ஆண்டுதோறும் ஏறுவதை மதிப்பெண் வீக்கம் என்கிறோம். இதற்கான சான்றுகள் பல திசைகளிலிருந்து வருகின்றன. அமெரிக்கக் கல்வித் துறையின் டிரான்ஸ்கிரிப்ட் ஆய்வுகளின்படி, பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் சராசரி ஜிபிஏ 1990-இல் 2.68, 2009-இல் 3.00, 2019-இல் 3.11. இதே 2009-க்கும் 2019-க்கும் இடையில் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் அவர்களுடைய கணித மதிப்பெண் இறங்கியது. கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வை நடத்தும் நிறுவனம் அதை எழுதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், 2010-இல் 3.22 ஆக இருந்த சராசரி ஜிபிஏ 2021-இல் 3.39 ஆனது; அதே காலத்தில் தேர்வு மதிப்பெண் 21.0-லிருந்து 20.3-க்கு வந்தது. அதே வகைத் தேர்வான எஸ்ஏடியை எழுதியவர்களில் ஏ சராசரி வைத்திருந்தவர்களின் பங்கு 1998-இல் 39 விழுக்காடு, 2016-இல் 47 விழுக்காடு. சராசரி எஸ்ஏடி மதிப்பெண்ணோ 1026-லிருந்து 1002 ஆனது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் இந்த ஏற்றம் கூடுதலாக இருந்தது. நல்ல பள்ளி மாவட்டம் என்று தேடிப் பிடித்து வீடு பார்க்கும் நம்மவர்கள் பெரும்பாலும் இறங்குவது அத்தகைய இடங்களில்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

2025 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் வெளியிட்ட அறிக்கை இந்தப் பேச்சை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளி மட்டத்துக்கும் கீழான கணிதத் திறனோடு வரும் முதலாண்டு மாணவர்களின் எண்ணிக்கை 2020-க்கும் 2025-க்கும் இடையில் கிட்டத்தட்ட முப்பது மடங்கு ஆகிவிட்டது என்றும், அவர்களில் பலர் பள்ளியில் கணிதத்தில் உயர்ந்த கிரேடு வாங்கியவர்கள் என்றும் அது சொன்னது.

காரணம் ஒன்று அல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் தளர்த்திய விதிகள் பல இடங்களில் திரும்ப இறுகவில்லை. பெற்றோரின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிக் களைத்த ஆசிரியர் பி பிளஸ்ஸை ஏ மைனஸ் ஆக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். பக்கத்துப் பள்ளி தாராளமாகக் கொடுக்கும்போது தன் மாணவர்கள் மட்டும் கல்லூரிப் போட்டியில் பின்தங்கக் கூடாது என்று இந்தப் பள்ளியும் கையைத் தளர்த்துகிறது. பல கல்லூரிகள் எஸ்ஏடியை விருப்பத்துக்கு விட்ட பிறகு, ஜிபிஏ மேல் விழுந்த பாரமும் கூடியது. இந்தச் சூழலில் ஏ வாங்காமல் இருப்பது செய்தியாகிறதே தவிர, ஏ வாங்குவது செய்தியாவதில்லை.

ஐந்தாம் படி: ஸ்கூல் ப்ரொஃபைலைப் படியுங்கள்

கல்லூரி விண்ணப்பத்தோடு பள்ளியின் கவுன்சிலர் (பாடத் தேர்விலும் கல்லூரி விண்ணப்பத்திலும் மாணவர்களுக்கு வழிகாட்டும் அலுவலர்) அனுப்பும் ஓரிரு பக்க ஆவணம் ஒன்று இருக்கிறது. பெயர் ஸ்கூல் ப்ரொஃபைல். பெரும்பாலான பள்ளிகள் இதைக் கவுன்சிலிங் பக்கத்தில் வெளிப்படையாகவே வைத்திருந்தும், பெற்றோரில் பலர் இதைத் திறந்ததே இல்லை. அளவுகோல், கூடுதல் புள்ளி முறை, எத்தனை ஏபி பாடங்கள் உள்ளன, எஸ்ஏடி சராசரி என்ன ஆகியவை அதில் இருக்கும். பல பள்ளிகள் ஜிபிஏ பரவலையும் கொடுப்பதுண்டு.

அந்தப் பரவலைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளையின் வெயிட்டட் ஜிபிஏ 4.1 என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் முதல் பத்து விழுக்காடு 4.5-இல் தொடங்கி, நடுப்புள்ளியே 3.9-இல் இருந்தால், அந்த 4.1 நடுவுக்குச் சற்று மேலே என்றுதான் பொருள். நடுப்புள்ளி 3.1 ஆக உள்ள பள்ளியில் அதே 4.1 மிக உயரமான இடம். கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிப்பவரும் இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டிரான்ஸ்கிரிப்டைப் படிக்கிறார். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாக விண்ணப்பிக்கும்போது, அந்தப் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று கவுன்சிலர் தனியாகக் குறிக்கும் இடமும் உண்டு. ரேங்க் போடும் பள்ளிகள் குறைந்துவிட்டதால், இந்தக் குறிப்பும் ப்ரொஃபைலும்தான் ரேங்கின் வேலையைச் செய்கின்றன.

ஆறாம் படி: வெளியிலிருந்து ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்

பள்ளி கொடுக்கும் ஏ எதைக் காட்டுகிறது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், ஆசிரியரின் கை படாத ஒரு மதிப்பீட்டோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதுதான் விவேகம். இதற்குத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை. டெக்சாஸில் அல்ஜீப்ரா ஒன்று, ஆங்கிலம் ஒன்று, ஆங்கிலம் இரண்டு, உயிரியல், அமெரிக்க வரலாறு ஆகியவற்றுக்கு ஸ்டார் என்ற மாநிலத் தேர்வு இருக்கிறது. நியூயார்க்கில் ரீஜென்ட்ஸ் உண்டு. ஃப்ளோரிடாவில் அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி போன்ற சில பாடங்களின் இறுதி கிரேடில் மாநிலத் தேர்வுக்கு 30 விழுக்காடு நிறை கொடுக்கப்படுகிறது. இத்தகைய தேர்வின் அறிக்கை வீட்டுக்கு வரும்போது அதை அலமாரியில் போட்டுவிடாமல் அந்தப் பாடத்தின் கிரேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏபி பாடங்களில் இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையானது. ஏபி வகுப்பின் கிரேடு வேறு, மே மாதத்தில் காலேஜ் போர்டு நடத்தும் ஏபி தேர்வின் மதிப்பெண் வேறு. தேர்வுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். ஜூலையில் முடிவு வரும். அது ஜிபிஏயில் சேராது. தேர்வு எழுதாமலேயே வகுப்புக்கான கூடுதல் புள்ளியைத் தரும் பள்ளிகளும் உண்டு, எழுதினால்தான் தருவோம் என்னும் பள்ளிகளும் உண்டு. வகுப்பில் ஏ, தேர்வில் 2 என்றால் அந்த ஏயை மறுபரிசீலனை செய்ய வேண்டும். வகுப்பில் பி, தேர்வில் 5 என்றால் ஆசிரியர் கறாரானவர், பிள்ளை பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறது.

பதினோராம் வகுப்பில் எழுதும் எஸ்ஏடியோ ஏசிடியோ இதே வேலையைச் செய்யும். எம்ஐடி 2022-இலும், டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவை 2024-இலும் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கும் முடிவுக்குத் திரும்பின. இவற்றில் யேல் ஏபி, ஐபி மதிப்பெண்களையும் மாற்றாக ஏற்றது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ எஸ்ஏடி அனுப்பினாலும் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதில்லை. ஆகவே எங்கே விண்ணப்பிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே இதற்கான உழைப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

ஏழாம் படி: பாடத் தேர்வில் எண்ணுக்கு அடிமையாகாதீர்கள்

அடுத்த ஆண்டுக்கான பாடங்களை ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். வெயிட்டட் ஜிபிஏயின் கோணல் இங்கேதான் வெளிப்படும். ஆறு பாடங்களில் 4.50 சராசரி வைத்திருக்கும் மாணவர் ஏழாவதாக ஆர்கெஸ்ட்ராவை எடுத்து, அதில் ஏ வாங்கினாலும், கூடுதல் புள்ளி இல்லாததால் சராசரி 4.43-க்கு இறங்கிவிடும். வயலினைத் தொடாமல் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த நண்பருக்கு 4.50 அப்படியே இருக்கும். முழு மதிப்பெண் வாங்கியவரைத் தண்டிக்கும் இந்தச் சூத்திரத்தை எந்த நியாயத்திலும் என்னால் ஏற்க முடியவில்லை. சில மாவட்டங்கள் இத்தகைய பாடங்களை ஜிபிஏ கணக்கில் சேர்க்காமல் எடுக்க அனுமதிக்கின்றன. அதற்கான படிவம் இருக்கிறதா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அப்படி வழி இல்லாவிட்டாலும், ரேங்கை வைத்து மட்டுமே இடம் கொடுக்கும் பல்கலைக்கழகம் உங்கள் இலக்காக இல்லாதவரை, 0.07 புள்ளிக்காகப் பிள்ளை விரும்பும் ஒன்றைப் பறிக்க வேண்டாம்.

ஏபியில் பி நல்லதா, சாதாரண மட்டத்தில் ஏ நல்லதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். வெயிட்டட் கணக்கில் இரண்டும் 4.0 என்று சமமாகும், அன்வெயிட்டடில் ஏ முந்தும். கடினமான பாடங்களை எடுத்தவரா என்று பார்க்கும் கல்லூரிகளில் ஏபியில் வாங்கிய பிக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஏபியில் சி வரும் என்று தோன்றினால் கணக்கு மாறிவிடுகிறது: வெயிட்டடிலும் 3.0, அன்வெயிட்டடில் 2.0, அதோடு மற்ற பாடங்களுக்கான நேரமும் போய்விடும். முந்தைய ஆண்டின் அதே துறைப் பாடத்தில் தேர்வு சராசரி 85-க்குக் கீழே இருந்தால் ஏபிக்குத் தாவும் முன் இரண்டு முறை யோசியுங்கள் என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த உடனே மூன்று ஏபி எடுக்க வைக்கும் ஆசை நம்மவர்களிடம் அதிகம். புதிய நாடு, புதிய உச்சரிப்பு, புதிய நண்பர்கள் எல்லாம் ஒன்றாகச் சேரும் அந்த ஆண்டில் ஒன்றோ இரண்டோ ஆனர்ஸ் பாடங்கள் தாராளமாகப் போதும்.

எட்டாம் படி: உங்கள் மாநிலத்தின் தனி விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளி போடும் ஜிபிஏயை ஓரமாக வைத்துவிட்டுத் தாங்களே கணக்கிடும் இடங்கள் பல. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குத் தேவை என்று ஏ முதல் ஜி வரை எழுத்திட்டுப் பட்டியலிட்ட பாடத் தொகுதிகளை (இவை கிரேடு எழுத்துகள் அல்ல) மட்டும், ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த கோடையிலிருந்து பதினோராம் வகுப்புக்கு அடுத்த கோடை வரை எடுத்துக்கொள்கிறது. பிளஸ், மைனஸைப் பொருட்படுத்துவதில்லை. கூடுதல் புள்ளி அதிகபட்சம் எட்டு செமஸ்டர்களுக்குத்தான். அவற்றில் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் வரக் கூடாது. டியோ எஃப்போ வாங்கிய பாடத்துக்குக் கூடுதல் இல்லை. இதனால் பன்னிரண்டு ஏபி எடுத்தவரும் எட்டு செமஸ்டரோடு நின்றவரும் இந்த வரம்பிட்ட ஜிபிஏயில் ஒரே இடத்துக்கு வந்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பு கிரேடு இந்த ஜிபிஏயில் சேராது என்றாலும், அந்தப் பாடங்கள் தேவைப் பட்டியலை நிரப்பப் பயன்படும்.

டெக்சாஸில் நிலைமை தலைகீழ். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டின் வளாகம் மட்டும் அந்த வரம்பை ஆறு விழுக்காடாகச் சுருக்கி, 2026 சேர்க்கையிலிருந்து ஐந்து விழுக்காடாக்கியிருக்கிறது. இடம்தான் உறுதி, கணினி அறிவியல் போன்ற துறை உறுதியில்லை. ரேங்க் மாவட்டத்தின் சூத்திரத்தால் முடிவாவதால், டெக்சாஸுக்கு வருபவர்கள் அந்தச் சூத்திரத்தை வரி வரியாகப் படிக்கத்தான் வேண்டும். ஜார்ஜியாவில் ஹோப் உதவித்தொகைக்கு 3.0, ஸெல் மில்லர் உதவித்தொகைக்கு 3.7-உடன் எஸ்ஏடி அல்லது ஏசிடி மதிப்பெண்ணும் வேண்டும். இந்தக் கணக்கில் பள்ளி கொடுத்த கூடுதல் புள்ளிகளை எல்லாம் நீக்கிவிட்டு, முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்து, ஏபி, ஐபி, கல்லூரியோடு சேர்ந்து படிக்கும் பாடங்களில் ஏக்குக் கீழே வாங்கிய கிரேடுகளுக்கு மட்டும் அரைப் புள்ளி சேர்க்கிறார்கள். ஆனர்ஸுக்கு எதுவும் இல்லை. பள்ளிக் கணக்கில் 3.9 காட்டிய பிள்ளைக்கு ஹோப் கணக்கில் 3.4 வருவது இதனால்தான்.

ஒன்பதாம் படி: ஊரில் படித்த ஆண்டுகளை முறையாகச் சேருங்கள்

பத்தாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ வந்து சேரும் பிள்ளையின் பழைய மதிப்பெண்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பது மாவட்டத்தின் கையில் இருக்கிறது. சில இடங்களில் கிரெடிட் மட்டும் கொடுத்து, தேர்ச்சி என்று குறித்து, ஜிபிஏயில் சேர்க்காமல் விடுவார்கள். சில இடங்களில் எழுத்தாக மாற்றுவார்கள். இரண்டாவது வகையில்தான் ஆபத்து: சிபிஎஸ்இயிலோ மாநில வாரியத்திலோ வாங்கிய 78-ஐ அப்படியே இங்குள்ள அளவில் வைத்தால் சி பிளஸ் ஆகிவிடும். பழைய பள்ளியிலிருந்து வரும்போதே முத்திரையிட்ட மதிப்பெண் சான்றிதழ்களோடு, அந்த வாரியத்தில் எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்த கிரேடு என்ற விளக்கத்தையும் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு வாங்கி வாருங்கள். பதிவுசெய்யும் நாளில் அதைக் கொடுத்து, எந்த விதியின்படி மாற்றப்போகிறீர்கள் என்று பணிவாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் படித்ததற்கு அயல்மொழிக் கிரெடிட் கிடைக்குமா என்றும் அப்போதே கேட்கலாம். இங்குள்ள தமிழ்ப் பள்ளிகளில் படித்த தமிழுக்கே சில மாவட்டங்கள் கிரெடிட் தருகின்றன.

பத்தாம் படி: டிரான்ஸ்கிரிப்டை ஆண்டுக்கு ஒரு முறை சரிபாருங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அதிகாரபூர்வமற்ற நகல் ஒன்றை எடுத்து, மூன்றாம் படியில் சொன்னபடி கையால் கணக்கிட்டு ஒத்துப்பாருங்கள். ஆனர்ஸ் பாடம் சாதாரணம் என்று பதிவாகியிருப்பது, கோடையில் எடுத்த பாடம் விடுபட்டிருப்பது, மறுபடி படித்த பாடத்தின் பழைய கிரேடும் சேர்ந்து எண்ணப்பட்டிருப்பது ஆகியவை எங்கும் நடக்கக்கூடிய பிழைகள். ஒன்பதாம் வகுப்பின் பிழையைப் பத்தாம் வகுப்பில் சொன்னால் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபரில், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே இருக்கும் கவுன்சிலரிடம் சொன்னால் அதே வேலை வாரக்கணக்கில் இழுக்கும்.

இடம் கிடைத்த பிறகும் கணக்கு முடிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு கிரேடுகளைப் பல கல்லூரிகள் கேட்கும். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் சேரப்போகும் கல்லூரிக்குப் போக வேண்டும். கடைசி செமஸ்டரில் டி வாங்கியதால் இடத்தை இழந்தவர்கள் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் இறுதி டிரான்ஸ்கிரிப்டை ஜூலை 1-க்குள்ளும், ஏபி மதிப்பெண்களை ஜூலை 15-க்குள்ளும் எதிர்பார்க்கும். பள்ளி அலுவலகம் கோடை விடுமுறைக்கு மூடும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே இறுதி டிரான்ஸ்கிரிப்டுக்கான கோரிக்கையைக் கொடுத்துவிடுங்கள்.